சம்பும் நாணலும் மில்லுக்குள்ளேயே வளரட்டும்

மதுரை, மேலூர், சிங்கம்புணரி வட்டாரக் கண்மாய்ப் பாசன விவசாயிகள், நார்மில் தொழிலாளர்கள் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மதுரை, சிவகங்கை மாவட்ட ஆட்சியர்கள், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கயிறு வாரியம்

தென்னை நாரும் கயிறும் எங்களில் பலருக்குச் சோறு போடுகின்றன. மில்லை மூடு என்று கேட்க நாங்கள் வரவில்லை. ஏற்றுமதிக்காக நார்த்தூளின் உப்பைப் போக்கக் கழுவுகிறார்களே, அந்தத் தண்ணீர்தான் எங்கள் வழக்கு. டானினும் பீனாலும் கலந்து பழுப்பாக வரும் அது கண்மாயில் விழுந்தால் நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும். நிலத்தில் தேங்கினால் கிணறு கரிக்கும். 2021-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த்தொழிலை வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. வகை மாற்றினால் போதாது, வழியும் காட்ட வேண்டும்.

1. நார்த்தூள் கழுவும் ஒவ்வொரு மில்லும் தன் வளாகத்திலேயே நீர்த்தாவரப் பாத்தி அமைக்க வேண்டும். அடியில் நீர் இறங்காத விரிப்பு, மேலே சரளை, அதில் சம்பும் நாணலும். கழிவுநீர் சரளைக்குள் நாள்கணக்கில் ஊர்ந்து போக வேண்டும். அழுக்கைத் தின்பவை பெரும்பாலும் வேரை ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள்; செடி அவற்றுக்கு வீடு. கால்சியம் நைட்ரேட் கலந்து கழுவும் இடங்களில் மிஞ்சும் நைட்ரேட்டும் இங்கே குறையும்.

2. உப்பையும் செடி உறிஞ்சிவிடும் என்று யாரும் கதை சொல்ல வேண்டாம். பொட்டாசியத்தில் கொஞ்சம் எடுக்கும், அவ்வளவுதான். சோடியமும் குளோரைடும் பெரும்பாலும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்; நம் ஊர் வெயிலில் நீர் ஆவியாக ஆக அடர்த்தி கூடவும் செய்யும். எனவே உப்பு மிகுந்த முதல் கழுவலைத் தனியே பிரித்து, கசியாத தொட்டியில் உலர்த்த வேண்டும். பிந்திய கழுவல்கள் மட்டும் பாத்திக்குப் போகட்டும். தெளிந்த நீர் மறுபடி கழுவவே பயன்படட்டும்.

3. கண்மாயில் ஆகாயத்தாமரை இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சை ஏற்க மாட்டோம். அறுத்து அகற்றாவிட்டால் அது அழுகி, உறிஞ்சியதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிவிடும். கண்மாய் சுத்திகரிப்பு நிலையமல்ல.

4. நீர்நிலையில் விடும் நீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, 2,100 மில்லிகிராம் கரைந்த உப்பு என வரம்பு உள்ளது. மாதாந்திரப் பரிசோதனை முடிவை மில் வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் ஒட்ட வேண்டும்.

5. பாத்திக்கு இடமில்லாத சிறு மில்களுக்குக் கயிறு வாரியம் மானியத்தோடு பொதுப் பாத்தி அமைத்துத் தர வேண்டும். கழுவாமல் கயிறு மட்டும் திரிக்கும் பெண்களைத் தொந்தரவு செய்யக் கூடாது.

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிரம்புமுன் இதற்கான ஆணையை வெளியிடுங்கள்.