ஏசியில் 18 வைத்தால் சீக்கிரம் குளிருமா? நெல்லை வெயிலுக்கு 26 போதும்!

அக்னி நட்சத்திர நாட்களில் திருநெல்வேலி, பாளையங்கோட்டை பக்கம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், ஏசி ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்குவது. "சீக்கிரம் குளிரட்டுமே" என்ற நினைப்புதான். ஆனா, ஏசி அப்படி வேலை செய்வதில்லை.

18 என்பது வேகம் இல்லை

ரிமோட்டில் நாம் வைக்கும் எண், கம்ப்ரசர் எப்போது ஓய்வெடுக்கணும் என்பதற்கான எல்லை. சாதாரண ஏசியில் 18 வைத்தாலும் 26 வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 26 என்றால் அறை அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் நின்றுவிடும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை 18-ஐத் தொடுவதே கஷ்டம். கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். இன்வெர்ட்டர் ஏசி என்றால், வேகத்தைக் குறைக்க அதற்கு வாய்ப்பே கிடைக்காது.

பில் எங்கே எகிறுது?

ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6% மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம். ஒரு கணக்குப் போடுவோம். 20-ல் வைத்து ஓர் இரவுக்கு 6 யூனிட் ஆகிறது என்றால், 60 நாளில் 360 யூனிட். 26-க்கு மாற்றினால் சுமார் 250. வீட்டின் மற்ற செலவு 200 யூனிட் என்றால், மொத்தம் 560-க்குப் பதில் 450.

இங்கேதான் விஷயமே இருக்கு. நம்ம இ.பி. கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சேர்த்தே ஏறும்.

விதி மட்டும் போதுமா?

ஆன் செய்ததும் ஏசி 24 டிகிரியில் இருக்கணும் என்ற விதி 2020 ஜனவரியிலேயே வந்துவிட்டது. புது ஏசிகளை 20-க்குக் கீழே இறக்க முடியாதபடி செய்யப்போவதாக 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் அறிவித்தார். நல்லதுதான். ஆனா, ரிமோட் நம்ம கையில்தானே இருக்கு?

சென்னை அளவுக்குப் புழுக்கம் இல்லாதது நெல்லைக்கு ஒரு சௌகரியம். காற்று வறண்டிருந்தால் வியர்வை சீக்கிரம் காயும். ஃபேன் காற்றே உடம்பைக் குளிர்விக்கும். 75 வாட்ஸ் ஃபேன் 8 மணி நேரம் ஓடினாலும் 0.6 யூனிட்தான்.

வயசானவங்க, குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஏசியை அணைத்துவிட்டுத் தவிக்கச் சொல்லவில்லை. 26-ல் வைத்து ஃபேனையும் போடுங்க. பத்தலைன்னா ஒரு டிகிரி இறக்கிக்கலாம்.