பெயிண்ட் டப்பாவில் ஈயத்துக்கு கட்டுப்பாடு வந்தாச்சு... தின்னர் நெடிக்கு எப்போ?

பொங்கல் வந்தாலும் சரி, வீட்டில் கல்யாணம் என்றாலும் சரி, முதல் வேலை பெயிண்ட் அடிப்பதுதான். அன்று ராத்திரியே தலைவலி, கண் எரிச்சல், குமட்டல். "புது பெயிண்ட் வாசனை, ரெண்டு நாளில் போயிடும்" என்று சமாதானம் சொல்லிக் கொள்வார்கள். வீட்டுக்காரருக்கு இது 2 நாள் தொல்லை. பிரஷ் பிடிக்கும் பெயிண்டருக்கோ வருஷம் பூரா இதே காற்றுதான்.

நெடி எங்கிருந்து வருது?

எனாமல், வார்னிஷ், தின்னர், டர்பன்டைன் எல்லாமே சீக்கிரம் ஆவியாகும் ரசாயனம் கலந்தவை. பெயிண்ட் காயக் காய அது காற்றில் கலக்கிறது. சுவரில் நிற்பது கலர், மூக்கில் ஏறுவது ரசாயனம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பெயிண்டர் வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களில் ஒன்றாக சேர்த்துள்ளது. நுரையீரல், சிறுநீர்ப்பை புற்றுநோய் ஆபத்து அதிகம் என்கிறது.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய அரசு 2016-ல் கொண்டு வந்த விதி, 2017 நவம்பர் 1 முதல் அமலில் உள்ளது. வீட்டு பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. உதிரும் பெயிண்டை குழந்தைகள் வாயில் வைத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்பதால் இந்த கெடுபிடி. நல்ல விதிதான். ஆனால் அது ஈயத்துக்கு மட்டுமே. தின்னர் ஆவியைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

ஐரோப்பாவில் 2004-லேயே இதற்கு சட்டம் போட்டார்கள். வீட்டின் உள் சுவருக்கு அடிக்கும் பளபளப்பு இல்லாத தண்ணீர் பெயிண்டில் ஆவியாகும் ரசாயனம் 2007 முதல் லிட்டருக்கு 75 கிராம், 2010 முதல் 30 கிராம்தான் இருக்கலாம். டப்பாவிலும் அளவை எழுத வேண்டும். கம்பெனிகளுக்கு அவகாசம் கொடுத்து, படிப்படியாக குறைத்தார்கள்.

இங்கும் 'வாசனை இல்லாத' பெயிண்ட் கடையில் கிடைக்கிறது. ஆனால் வாசனை இல்லை என்பதால் ரசாயனமே இல்லை என்று அர்த்தமல்ல. லிட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுதியிருந்தால்தான் ஏமாறாமல் வாங்க முடியும்.

அதுவரை என்ன செய்யலாம்?

* பெயிண்ட் அடிக்கும்போது கதவு, ஜன்னலை திறந்தே வையுங்கள். நெடி போகும் வரை குழந்தைகள், கர்ப்பிணிகள் அந்த அறையில் படுக்க வேண்டாம்.

* முகத்தில் கட்டும் துண்டு தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியை தடுக்காது.

* தின்னரில் கை கழுவாதீர்கள். சமையல் எண்ணெய் தேய்த்து, சோப்பு போடுங்கள்.

* பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தெளித்து சுரண்டுங்கள்.

ஈயத்துக்கு ஒரு அளவு வைக்க முடிந்த அரசால், நெடிக்கும் ஒரு அளவு வைக்க முடியாதா? தினக்கூலிக்கு சாரம் ஏறும் பெயிண்டர்களுக்கு பதில் சொல்வது யார்?