ஈடிபஸ் திமிர் பிடித்தவனா?

பாலிடெக்னிக்கில் கிரேக்க நாடகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் எதுவும் இல்லை. இங்கிலீஷ் போர்ஷன் முடிந்து, தேர்வுக்கு முன் மிஞ்சுகிற நாலைந்து பீரியடில் "கதை சொல்லுங்க சார்" என்பார்கள் பையன்கள். நான் சொல்வது பெரும்பாலும் ஈடிபஸ் கதை. மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று பேரவைச் செயலாளர் துரத்தியபோதும் அதுவே ஞாபகம் வந்தது. காரணம், அந்தக் கதையைப் பல வருஷம் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நான் படித்த காலத்து நோட்ஸில் மூன்றே வரி. துன்பியல் நாயகன் உயர்ந்த நிலையில் இருப்பவன். அவனிடம் ஒரு குணக்கேடு இருக்கும். அதனால் வீழ்வான். அதை அப்படியே போர்டில் எழுதிப் போடுவேன். ஈடிபஸின் குணக்கேடு என்ன? கோபம், தலைக்கனம். முடிந்தது பாடம்!

கதை தெரியாதவர்களுக்காக: தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். பழைய அரசன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்துத் துரத்தினால்தான் நோய் தீரும் என்று டெல்ஃபி கோயிலிலிருந்து வாக்கு வருகிறது. அரசன் ஈடிபஸ் தானே விசாரணையில் இறங்குகிறான். தோண்டத் தோண்டத் தெரிகிறது, கொன்றவன் அவனேதான். செத்தவர் அவனைப் பெற்ற அப்பா. மனைவி யொகாஸ்டா பெற்ற தாய். அவள் தூக்கில் தொங்குகிறாள். அவள் உடையிலிருந்த ஊசிகளை எடுத்து அவன் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான்.

ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அப்போ கோவப்படாம இருந்திருந்தா தப்பிச்சிருப்பானா சார்?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் நாடகத்தை மறுபடி படித்தேன். நாடகம் தொடங்கும் முன்பே கொலையும் கல்யாணமும் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. குருட்டு ஞானி டைரீசியஸிடம் அவன் கத்துவதால் எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை. இன்னும் சொன்னால், "போதும், மேலே கேட்காதே" என்று யொகாஸ்டா கெஞ்சும்போது நிறுத்தியிருந்தால் அரசனாகவே இருந்திருப்பான். ஊர் செத்துக்கொண்டிருக்க அவனால் நிறுத்த முடியவில்லை. இதுவா குணக்கேடு?

அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' நூலில் சொன்ன சொல் ஹமார்ஷியா. அம்பு குறி தப்பிப் போவதற்குக் கிரேக்கர்கள் சொல்லும் வினைச்சொல்லிலிருந்து வந்தது. கெட்ட குணத்தால் அல்ல, ஏதோ ஒரு பிழையால் விழுகிறவன் என்று சொல்லி, அங்கேயே ஈடிபஸை உதாரணம் காட்டுகிறார். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டாட்ஸ் 1966-லேயே இதை ஒரு கட்டுரையாக எழுதிவிட்டார். மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும்போது, ஈடிபஸுக்குத் தகுந்த தண்டனைதான் கிடைத்தது என்று எழுதியிருந்ததைப் பார்த்து நொந்துபோய் எழுதியது! நம் நோட்ஸுக்குத்தான் அந்தச் சேதி வந்து சேரவில்லை.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது மெக்கானிக்கல் பையன் ஒருவன் பிடித்துக்கொண்டான். "வெர்னியர்ல ஜீரோ எர்ரர் சார்! எவ்வளவு கவனமா அளந்தாலும் ஜாப் ரிஜெக்ட்தான்." எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை. தன் பெற்றோர் கொரிந்து அரசனும் அரசியும் என்பதுதான் ஈடிபஸின் ஜீரோ. அது நகர்ந்திருந்தது. அதற்குப் பிறகு எடுத்த ரீடிங் எல்லாம் அதனாலேயே தப்பு. அப்பாவைக் கொல்லக்கூடாதே என்று கொரிந்தை விட்டு ஓடியவன், வழியில் முச்சந்தியில் கொன்றது நிஜ அப்பாவை.

பக்கத்திலிருந்தவன் விடவில்லை. "ஜீரோ எர்ரர் செக் பண்ணாதது அவன் தப்புதானேடா?" நியாயமான கேள்வி. ஆனால் அவன் செக் பண்ணத்தான் டெல்ஃபிக்கே போனான். ஒரு குடிகாரன் "நீ உன் அப்பாவுக்குப் பிறந்தவன் இல்லை" என்று உளறியதைக் கேட்டு, யார் மகன் என்று விசாரிக்கப் போனான். அந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்கவில்லை. அப்பாவைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்ற வாக்குதான் கிடைத்தது. முச்சந்தியில் முதலில் வழியைவிட்டுத் தள்ளப்பட்டதும் அவன்தான் (திருப்பி அடித்தது அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்). வயதான ஈடிபஸ், தெரியாமல் செய்தேன் என்று வாதாடுவதை சோபாக்ளிஸே இன்னொரு நாடகத்தில் வைத்திருக்கிறார். அவர் இறந்தபின் கி.மு. 401-ல் பேரன் மேடையேற்றிய நாடகம் அது.

அதற்காக எல்லோருக்கும் இதே ஃபார்முலா போடாதீர்கள். 'ஆன்டிகனி'யில் வரும் கிரியோனின் பிடிவாதம் நிஜமாகவே உயிர்களை வாங்குகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு பையன் படிப்பைப் பாதியில் விட்டால் "அவன் ஆட்டிட்யூட் அப்படி" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரே வரியில் முடிப்போம். நானும் முடித்திருக்கிறேன். அவன் வீட்டில் என்ன என்று கேட்டதில்லை. தகாத துன்பத்தைப் பார்த்து இரக்கம், நம்மைப் போன்றவனுக்கு நேர்வதைப் பார்த்து அச்சம், இந்த இரண்டும் வரவேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். திமிரால் கெட்டான் என்று போர்டில் எழுதிவிட்டால் இரண்டுமே வராது.

அடுத்த ஆண்டு விழாவுக்குப் பேரவைக்கு ஒரு விண்ணப்பம். ஈடிபஸ், கொரிந்துத் தூதன், கிழட்டு இடையன் பேசும் அந்த ஒரு காட்சியை மட்டும் போடுங்கள். நடிக்க மூன்று பேர் போதும். கிரேக்கர்களே மூன்று பேரை வைத்துத்தான் எல்லா வேஷத்தையும் போட்டார்கள். (இந்த நாடகத்துக்குப் போட்டியில் இரண்டாம் பரிசுதான் கிடைத்ததாம். கல்ச்சுரல்ஸில் கோப்பை தவறியவர்கள் தைரியமாக இருக்கலாம்!) மலையில் போட்டுக் கொல்லச் சொன்ன குழந்தையை ஏன் இன்னொருவனிடம் கொடுத்தாய் என்று ஈடிபஸ் அந்த இடையனை மிரட்டுவான். பாவமாக இருந்தது, அதனால் கொடுத்தேன் என்பான் கிழவன். அந்த வேஷத்துக்கு நன்றாக நடிக்கிற பையனாகப் போடுங்கள்.