திரைக்கு உள்ள 15 விநாடி இணையத்துக்கும் வேண்டும்

விண்டோஸ் கணினியில் திரையின் அளவை மாற்றினால், ‘இந்த மாற்றம் இருக்கட்டுமா?’ என்று கேட்கும். 15 விநாடிக்குள் பதில் வராவிட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடும். திரை இருண்டுபோனால் பயனரால் எதையும் பார்த்துச் சரிசெய்ய முடியாது என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த ஏற்பாடு அது. நெட்வொர்க் அடாப்டரின் டிரைவரை அப்டேட் செய்யும்போது அந்த யோசனை இல்லை. பிரிண்டரின் டிரைவர் கெட்டால் இணையத்தில் தீர்வு தேடலாம். நெட்வொர்க் டிரைவர் கெட்டால் தேடும் வழியே அடைபட்டுப் போகிறது. அதனால் இந்த ஒரு டிரைவருக்குத் தனி விதி வேண்டும். அப்டேட் முடிந்ததும் இணைப்பு கிடைக்கிறதா என்று கணினியே சோதிக்கட்டும்; கிடைக்கவில்லை என்றால், யாரும் சொல்லாமலே பழைய டிரைவருக்குத் திரும்பட்டும்.

2016 டிசம்பரில் விண்டோஸ் 10 கணினிகள் பல திடீரென்று இணைப்பை இழந்தன. பின்னணியில் இயங்கும் ஒரு சேவை செயலிழந்ததால் அவற்றால் ஐபி முகவரியைப் பெற முடியவில்லை. அங்கே பழுது டிரைவரில் இல்லை. ஆனால் மாட்டிக்கொண்டவரின் நிலை அதேதான். கணினியை மறுபடி தொடங்கிப் பாருங்கள் என்று மைக்ரோசாஃப்ட் தன் இணையதளத்தில் அறிவிப்பு வைத்தது. அதே மாதம் திருத்தமும் அப்டேட்டாக வந்தது. இணைப்பு அறுந்தவருக்கு அந்த அறிவிப்பு எந்த வழியாகப் போய்ச் சேரும்?

டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான் இருக்கிறதே என்பார்கள். அங்கே போகத் தெரிந்தவர்கள் குறைவு; போனாலும், பழைய டிரைவர் சேமிக்கப்படாதபோது அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கும். கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குத் தரலாம் என்பது நல்ல வழிதான். ஆனால் அதையும் யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பாதுகாப்பு பற்றியது. வைஃபையின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையில் உள்ள ‘க்ராக்’ பலவீனத்தை 2017இல் ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப் வெளிப்படுத்தினார். அதுபோன்ற நேரங்களில் அப்டேட் தாமதமாவது ஆபத்து. பழைய டிரைவருக்குத் திரும்பினால் ஓட்டையும் திரும்பும். உண்மைதான். ஆனால் இணைப்பே இல்லாத கணினிக்கு அடுத்த திருத்தமும் வராது. பழைய டிரைவரோடு இணைப்பு மீண்டால்தான், பிழை நீங்கிய புதிய டிரைவர் வந்து சேர வழி பிறக்கும். சரி, ரவுட்டர் அணைந்திருப்பதையும் டிரைவர் கெட்டிருப்பதையும் கணினி எப்படிப் பிரித்தறியும்? அடாப்டரே தொடங்கவில்லை என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. நேற்றுவரை தெரிந்த அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களில் ஒன்றுகூடத் தெரியவில்லை என்பதும் வலுவான தடயம். கணினி தவறாகக் கணித்தாலும் நட்டம், அப்டேட் சில நாள் தள்ளிப்போவது மட்டுமே.

முடியாத காரியமும் அல்ல இது. ஜூனிபர் ரவுட்டர்களை எங்கோ இருந்து நிர்வகிக்கும் பொறியாளர்களுக்கு ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்ற கட்டளை உண்டு. செய்த மாற்றம் அவர்களுடைய இணைப்பையே அறுத்துவிட்டால், உறுதிப்படுத்தல் வராததைக் கண்டு 10 நிமிடத்தில் ரவுட்டர் தானே பழைய அமைப்புக்குத் திரும்பும். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7, அமைப்பின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது; அந்த முறையுள்ள கைபேசியில் புதியது எழாவிட்டால் பழையது எழும். வீட்டுக் கணினியில் இதற்குச் செலவாகும் இடம், ஒரு பழைய டிரைவர் கோப்பு அளவுதான். அந்த ஏற்பாடு வரும்வரை, இப்போது வேலை செய்யும் டிரைவரின் பிரதியை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருங்கள்.