மழலையும் ஒரு பருவமே!

குழந்தையை நாம் வளர்க்கின்றோம் என்று சொல்லிக் கொள்கின்றோம். உண்மையில், குழந்தை தானே வளர்கின்றது, நாம் அதற்கு உண்டியும் உறைவிடமும் தந்து அருகில் நிற்கின்றோம், அவ்வளவே. அவ்வாறு அருகில் நிற்பதையேனும் ஒழுங்காகச் செய்கின்றோமா? இக் கேள்வியைப் பிறரை நோக்கி எழுப்புமுன் என்னை நோக்கியே எழுப்பிக் கொள்கின்றேன். ஏனெனின், இக் கட்டுரையில் குற்றஞ் சாட்டப் பெறுவோன் முதற்கண் நானே.

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், வேலூர்ச் சாலையினின்று சற்று உள்ளடங்கிய தெருவில் எம் வீடு உள்ளது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இவ்வூரில் அமைந்த பின்னர் வயல்கள் பல மனைகளாயின. ஆயினும், எம் மொட்டை மாடியில் ஏறி நின்றால் அண்ணாமலை இன்றும் மறைவின்றித் தெரிகின்றது. கார்த்திகை விளக்கீட்டன்று மலையுச்சியில் ஏற்றும் பெருஞ்சுடர் 11 நாள்கள் எரியும். ஆண்டுதோறும் அதனைக் காண மூத்த மகளுடன் மாடி ஏறுவது என் வழக்கம். முதலாண்டு அவள் என் தோளில் உறங்கிக் கிடந்தாள். இரண்டாம் ஆண்டு சுடரை நோக்கிக் கை நீட்டி, "நிலா" என்றாள். மூன்றாம் ஆண்டு படிகளை எண்ணிக்கொண்டு தானே ஏறினாள். நான்காம் ஆண்டு எனக்கு முன்னே ஓடிச்சென்று, "விரைந்து வாங்கப்பா!" என்று என்னை அழைத்தாள். மலை நின்ற இடத்திலேயே நின்றது. மாறியவள் அவள் ஒருத்தியே. ஆனால் அம் மாற்றங்கள் எந்த எந்த நாளில் நிகழ்ந்தன என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. ஆண்டுக்கொரு முறை அளக்கும் கோல் என்னிடம் இருந்தது. நாள்தோறும் பார்க்கும் கண் இல்லை.

இனி, என் குற்றத்திற்கு வருகின்றேன்.

மகளுக்கு இரண்டரை அகவை நடந்தபொழுது ழகரம் அவள் வாயில் வரவில்லை. மழையை 'மயை' என்றாள். பழத்தைப் 'பயம்' என்றாள். குழம்பைக் 'குயம்பு' என்றாள். பிள்ளைக்குத் தூய தமிழ்ப் பெயரிட்டு, வீட்டில் அயற்சொல் ஒன்றும் நுழையாமல் காத்து வந்த எனக்கு இது பொறுக்கவில்லை. மாலைதோறும் அவளைத் திண்ணையில் அமர்த்தி, என் நாவை வளைத்துக் காட்டி, "சொல், மழை" என்பேன். அவள் என் வாயை உற்றுப் பார்த்து, "மயை" என்பாள். ஐந்தாம் முறை தலை கவிழ்ந்துவிடும். பத்தாம் முறை கண்ணில் நீர் கோக்கும். ஒருநாள் சலிப்புற்று, "மயையா?" என்று அவளைப் போலவே சொல்லிக் காட்டினேன். சினந்து எழுந்தாள். "மயை இல்லேப்பா! மயை!" என்றாள்.

அவள் காதுக்கு என் 'மயை' பிழை. அவள் வாயின் 'மயை' பிழையன்று! இஃது என் மகளுக்கு மட்டும் உரிய விந்தை அன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். 1960-இல் அமெரிக்க ஆய்வாளர்களாகிய சீன் பெர்க்கோ, உரோசர் பிரவுன் என்னும் இருவர் இதனையே பதிவு செய்துள்ளனர். மீனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றொலியைத் திரித்துச் சொன்ன சிறுவன் ஒருவன், பெரியவர் அவனைப் போலவே திரித்துச் சொன்னபொழுது அதனை மறுத்தான்; திருத்தமாகச் சொன்னபொழுது ஒப்புக் கொண்டான். செவி முன்னே சென்றுவிடுகின்றது. நா பின்னே வருகின்றது. குழந்தை ழகரத்தை அறியாமல் இல்லை. அறிந்ததைச் செய்யும் திறம் நாவுக்கு இன்னும் வாய்க்கவில்லை. அறியாதவனைத் திருத்தலாம், அறிந்தும் இயலாதவனைத் திருத்துவது துன்புறுத்தலேயாகும்.

எழுத்துகளின் பிறப்பைத் தொல்காப்பியர் கூறியவாற்றை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். இதழ் இரண்டும் இயைந்தால் பகரமும் மகரமும் பிறந்துவிடுகின்றன. அதனாலேயே அப்பாவும் அம்மாவும் முதலாண்டு முடியும் அளவிலேயே வாய்க்கு வந்துவிடுகின்றனர். ழகரமோ நுனிநா மேல்நோக்கி எழுந்து அண்ணத்தைத் தடவப் பிறப்பது. நடக்கவே இப்பொழுதுதான் கற்ற பிள்ளையைக் கயிற்றின்மேல் நடக்கச் சொல்வது போன்றது அவ்வொலியை இரண்டரை அகவையிற் கேட்பது.

இங்கு இன்னொரு நயமும் உண்டு. மழ என்னும் சொல்லும் குழ என்னும் சொல்லும் இளமைப் பொருளன என்று தொல்காப்பிய உரியியல் கூறுகின்றது. அவற்றோடு உறவுடையனவே மழலையும் குழவியும் குழந்தையும். இம் மூன்றிலும் ழகரம் நிற்கின்றது. தமிழ் என்னும் பெயரிலும் நிற்கின்றது. அஃதாவது, மழலை பேசும் பிள்ளையால் 'மழலை' என்று சொல்லவியலாது. குழந்தையால் 'குழந்தை' என்று சொல்லவியலாது. அச் சொற்களைப் பிழையறச் சொல்லும் நாளில் அது பெரும்பாலும் மழலையைக் கடந்திருக்கும்.

இவ்வளவும் அறியாதிருந்த நாளில் நான் செய்த இரண்டாம் குற்றம் முதலினும் பெரிது. என் தாயார் எழுத்தறியாதவர்; செங்கத்தை அடுத்த சிற்றூரில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்தவர். வடமாவட்டப் பேச்சு வழக்கில் ழகரம் யகரமாய்த் திரிவதுண்டன்றோ? அவர் வாயிலும் மழை 'மயை'தான், வாழைப்பழம் 'வாயப்பயம்'தான். மகளின் பிழைக்கு அவரே கரணியம் என்று முடிவு செய்து, ஒருநாள், "குழந்தை எதிரில் இப்படிப் பேசாதே அம்மா, அதன் பேச்சுக் கெட்டுவிடும்" என்று சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. அன்று மாலை நரிக்கதை இல்லை. அடுத்த நாளும் இல்லை. பேத்தி மடியில் ஏறி, "ஆயா, கதை" என்று முகவாயைப் பிடித்துத் திருப்பும்பொழுதெல்லாம் தலையை வருடி விடுவதோடு நிறுத்திக் கொண்டார்.

இரு திங்கள் சென்றன. பிள்ளையின் பேச்சுத் திருந்தவில்லை, குறைந்தது. என் துணைவி ஒருநாள், "திருத்துவதற்கு நீங்கள் இருக்கிறீர்கள், பேசுவதற்கு இவளுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். அக் கேள்வி என்னைச் சுட்டது. தாயாரிடம் சென்று, "நான் சொன்னது பிழையம்மா, பழையபடி கதை சொல்" என்றேன். "எனக்கு உன் தமிழ் வராதுப்பா" என்றார்.

உன் தமிழ்! எனக்குத் தாலாட்டிய தாய், என் வாயில் முதற்சொல்லை இட்ட தாய், தமிழ் தனக்குரியதன்று என்று எண்ணுமாறு செய்துவிட்டேன். தாய்மொழியைக் காக்கப் புறப்பட்டவன் தாயை ஊமையாக்கினேன். பல நாள் வேண்டிக்கொண்ட பின்னரே அவர் மீண்டும் வாய் திறந்தார்.

மகளுக்கு நாலரை அகவை கடந்தபின் ஒருநாள், "மழை வருதுப்பா" என்றாள். ழகரம் முத்துப்போல் விழுந்தது. வியந்து துணைவியை அழைத்தேன். "ஒரு கிழமையாகவே அப்படித்தான் சொல்கிறாள், நீங்கள் இன்றுதான் கேட்கிறீர்களா?" என்றாள். நாள்தோறும் ஆயாவின் 'மயை'யைக் கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளை, என் ழகரத்தையும் கேட்டு, தன் நா முதிர்ந்த காலத்தில் தானே அதனை எடுத்துக் கொண்டாள். என் திண்ணைப் பள்ளியால் வந்ததன்று அது. இரண்டாண்டாக நான் வேண்டிக் காத்திருந்த ஒலி வந்த நாளையும் நானே தவற விட்டேன். அதைவிட ஒன்று: என் கைப்பேசியில் அவளுடைய படங்கள் ஆயிரத்துக்கு மேல் உள்ளன, அவள் 'மயை' என்று சொன்னது ஒன்றிலும் இல்லை. திருத்தப்பட வேண்டிய பிழை என்று எண்ணியதை யார் பதிவு செய்து வைப்பார்? அச் சொல் இனி அவள் வாயில் வாராது.

நம் முன்னோர் இவ்வாறு இருந்தாரல்லர். அவர்கள் வளர்ச்சியின் ஒவ்வொரு படியையும் கண்ணால் கண்டு பெயரிட்டனர். அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என்று பூவின் நிலைகளைப் பிரித்தனர். நெல்லின் இளமையை நாற்று என்றும், மாவின் இளமையைக் கன்று என்றும், தென்னையின் இளமையைப் பிள்ளை என்றும், பனையின் இளமையை வடலி என்றும் வேறு வேறாக வழங்கினர். அரும்பைக் குறையுடைய மலர் என்று அவர்கள் கருதவில்லை, அஃது அரும்பு. அவ்வாறே பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்களை வகுத்தனர். மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை இரு திங்களுக்கு ஒன்றாக அவற்றைப் பாட்டியலார் வகுப்பதும் உண்டு. தலை நிமிர்ந்து ஆடினால் செங்கீரை. கை கொட்டினால் சப்பாணி. தளர்நடையிட்டு வந்தால் வருகை. நிலவை அழைத்தால் அம்புலி. அவற்றுள் மூன்றாவது தாலப் பருவம். தால் என்பது நாக்கு. தாலாட்டில் ஆடுவது பாடுவோரின் நாவே ஆகும். குழந்தையின் நாவைப் பிடித்து ஆட்டுவது தாலாட்டன்று. நான் செய்தது அதுவே.

புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி, உண்கலத்திற் கையிட்டு நெய்ச்சோற்றை மேலெல்லாம் சிதறிக் கொள்ளும் புதல்வரைப் பேறாகப் பாடினான். திருவள்ளுவர் மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலே வைத்தார். அவர்தம் காதுக்கு அது பிழையாகப் படவில்லை.

இன்று நம் ஊர்களில் 'மழலையர் பள்ளி' என்று பலகை தொங்குகின்றது. உள்ளே மழலைக்கு இடமில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 அகவை முதல் 14 அகவை வரையுள்ள பிள்ளைகளுக்கே கட்டாயக் கல்வியை வகுத்தது. நம் பெற்றோரோ மூன்று நிரம்புமுன் சீருடை மாட்டி, பொருள் தெரியாத ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்க வைத்து, உறவினர் முன்னிலையில் நிறுத்திப் பெருமை கொள்கின்றனர். அவர்களை நாம் கடிகின்றோம், கடியத்தான் வேண்டும். ஆயின், ழகரத்திற்காகப் பிள்ளையைத் திண்ணையில் அமர்த்திக் கண்கலங்க வைத்த நான் அவர்களின் எவ்வகையில் வேறானவன்? மொழி வேறு, விரைவு ஒன்றே. இருவரும் அரும்பைப் பிரித்து மலராக்க முயன்றவர்களே.

பிழையைப் போற்றுக என்று நான் கூறவில்லை. ழகரம் நம் மொழியின் தனிச்சிறப்பு. அது அடுத்த தலைமுறையின் நாவிலும் நிற்க வேண்டும். நிற்கச் செய்யும் வழி எது என்பதே கேள்வி. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி நடத்திய மரியா மாண்டிசோரி அம்மையார், மொழியைக் குழந்தை பாடமாகக் கற்பதில்லை, சூழலினின்று உறிஞ்சிக் கொள்கின்றது என்றார். ஆகவே சூழலை நிறைப்பதே நம் பணி. பிள்ளை "மயை வருது" என்றால், "ஆம், மழை வருகின்றது, மழையில் நனைவோமா?" என்று நாம் திருத்தமாகச் சொல்லிப் பேச்சைத் தொடர்வோம். அதனைத் தடுத்து நிறுத்தவும் வேண்டா, எள்ளவும் வேண்டா. பாட்டியும் தாத்தாவும் எவ்வழக்கிற் பேசினும் பேசட்டும். அவர்கள் தருவது ஒலி மட்டுமன்று. கதையும், விடுகதையும், உறவுப் பெயர்களும், ஊர்ப்பெயர்களும் அவர்கள் வாயினின்றே வருகின்றன. ஒன்றை மட்டும் அசட்டை செய்தலாகாது: ஒன்றரை அகவை கடந்தும் ஒரு சொல்லும் வாராதெனினும், அழைத்தால் திரும்பாதெனினும், காத்திராமல் மருத்துவரிடம் காட்டிச் செவிப்புலனைத் தேர்ந்து பார்த்தல் வேண்டும். அது வேறு, மழலை வேறு.

மகளுக்கு இப்பொழுது எட்டு அகவை. இளையவன் மூன்றை நெருங்குகின்றான். சென்ற கிழமை, மாலையில், அண்ணாமலையின்மேல் முகில் கவிந்து, ஏரிப்பக்கமிருந்து காற்று எழுந்தது. திண்ணையில் தாயாரின் மடியிலிருந்த மகன், "ஆயா, மயை!" என்றான். "ஆமாண்டா கண்ணு, மயை!" என்றார் அவர். மகள் உள்ளிருந்து ஓடிவந்து, "தம்பி, மயை இல்லடா, மழை. அப்பா, நீங்க சொல்லிக் கொடுங்க" என்றாள்.

"அவன் சொல்லும்பொழுது சொல்லட்டும், விடும்மா" என்றேன். இம்முறை கைப்பேசியை எடுத்து அவன் குரலைப் பதிந்து வைத்துக் கொண்டேன். தாயாரின் குரலும் அதில் இருக்கின்றது.

தமிழ்ப் பெற்றோரே! நும் இல்லத்திலும் இன்று ஏதேனும் ஒரு சொல், நாளை இல்லாமற் போகப்போகும் ஒரு சொல், குழந்தையின் வாயில் இருக்கும். திருத்துதற்கு முன் அதனைச் செவி கொடுத்துக் கேண்மின்!