தொட்டிலில் நுழையும் தொடுதிரை!

தமிழ்ப் பெற்றோரே!

முத்துக்குளித்துறையெனப் புகழ்பெற்ற நம் தூத்துக்குடிக் கடற்கரையில் இன்று நிலவைக் காட்டிச் சோறூட்டுவார் அருகிவிட்டனர். கைப்பேசியைக் காட்டியே ஊட்டுகின்றனர். உப்பளத்து வெண்குவியலை நாளும் காணும் மழலை, என்றும் காணாத பனிப்பொழிவை ஆங்கிலத்திற் பாடுகிறது. "என் பிள்ளை மூன்றகவையிலேயே ஆங்கிலம் பேசுகிறான்" என்று பெற்றவர் பூரிக்கின்றனர். கொண்டல் எது, வாடை எது, கச்சான் எது என்றால் அப்பிள்ளை திருதிருவென விழிக்கிறான். இதுவா பெருமை?

கணினியை நாம் வெறுக்கவில்லை. வெள்ளையன் கொணர்ந்த நீராவிக் கப்பலை வ.உ.சி. வெறுத்தாரா? 1906-இல் தன்னாட்டுக் கப்பல் குழுமத்தை நிறுவி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே நம் கப்பலை ஓட்டிக் காட்டினார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சேறியபோது, இக்கரைப் பரதவர் ஈந்த பொருளும் அப்பணிக்கு உதவிற்று. பொறி அயலது; அதில் ஏறிய மொழி நம்மது!

அரசு செய்வதென்ன? 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முந்திய மழலைப் பருவமோ வேலியில்லா விளைநிலம். 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் அரசே தொடங்கிய வகுப்புகளின் பெயர் 'எல்.கே.ஜி., யு.கே.ஜி.'! அரும்பு, மொட்டு என்று பெயரிடத் தமிழில் சொல்லா இல்லை? அரசே இவ்வழி நடந்தால், ஆங்கிலச் செயலி விற்போர் வாளாவிருப்பரா?

2001-இல் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக்கல்விப் பகுதியில் பாடலும் கதையும் எண்ணும் எழுத்தும் தமிழிலேயே உள்ளன. வீட்டுக் கிணற்றில் நன்னீர் இருக்க, உப்புநீருக்கு அலைவானேன்?

தமிழ்த்திரையும் அளவோடுதான் வேண்டும். இரண்டு முதல் நான்கு அகவையினர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்குமேல் திரை ஆகாது. அதனினும் இளையோர்க்குத் திரையே வேண்டா என உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. குழந்தை குதலை மொழிய, தாய் மறுமொழி தர, அவ்வாறன்றோ மொழி வளரும்? திரை பேசும், கேளாது. செவியில்லாத செவிலியிடமா நம் பிள்ளையை ஒப்படைப்பது?

ஆகவே கேட்கிறோம்: தமிழ் கற்றல் சட்டம் மழலை வகுப்பையும் தழுவுக! மழலையர் நடுவத்துத் திரைகளிலெல்லாம் தமிழே ஒலிக்குக! சட்டம் வருமுன் உங்கள் வீட்டில் நீங்களே அரசு. இன்றிரவே கைப்பேசியை அணைத்துவிட்டுத் தாலாட்டைத் தொடங்குக! தொட்டிலில் தோற்ற மொழி, கோட்டையில் வெல்லாது.