ஊருக்கு மோட்டார் வாங்கிப் போவோர் கவனத்திற்கு

ஊருக்குப் புறப்படும் நம்மவர்களின் பெட்டியில் ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் தவறாமல் இருக்கும். சென்ற மாதம் நம் சங்க நண்பர்கள் இருவர், சைக்கிளை மின்சார வண்டியாக மாற்றும் ஹப் மோட்டாரைக் கொண்டுபோகலாமா என்று என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

ஹப் மோட்டார் என்பது சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குள்ளேயே அடங்கிவிடும் மோட்டார். புதிய சரக்கு அல்ல. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே போர்ஷே வடிவமைத்த கார் இப்படிப்பட்ட மோட்டாருடன்தான் வந்து நின்றது.

என் தங்கை கணவருக்குக் காணிப்பாக்கத்தில் பூக்கடை. விடிகாலையில் சுமார் 12 கி.மீ. மிதித்துச் சித்தூர் மார்க்கெட்டுக்குப் போய், இருபது கிலோ பூ மூட்டையோடு திரும்புவார். "மச்சான், முட்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. அமெரிக்காவுல ஆயிரம் வாட் மோட்டார் கிடைக்குதாமே, ஒண்ணு பாருங்க" என்றார். பணம் அனுப்பினேன்; மோட்டாரை அனுப்பவில்லை.

முதல் காரணம் அவருடைய சைக்கிள். நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. இங்கே விற்கும் ஹப் மோட்டார்களில் பெரும்பாலும் 36 துளை. கம்பி கோக்கவே வழியில்லை. சக்கரத்தோடு சேர்த்தே வாங்கினாலும் ரிம் அளவு மாறும். பிரேக் கட்டை ரிம்மில் சரியாக உட்காராது. பின்பக்க மோட்டாருக்குப் பொதுவாக 135 மி.மீ. இடைவெளி வேண்டும். பழைய சைக்கிளில் அவ்வளவு இராது. சட்டத்தை நெம்பி விரித்து மாட்டிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. அந்த வண்டியில் பூ மூட்டை ஏற்றுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டாவது, அந்த ஆயிரம் வாட். மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது அச்சைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். நட்டு சற்றே தளர்ந்தாலும் அச்சு சுழன்று வயரை அறுத்துவிடும். முன்சக்கரமாக இருந்தால் சக்கரமே கழன்றுவிடலாம். அச்சைப் பிடித்து நிறுத்த ஓர் இரும்புக் கை போட வேண்டும். அது இல்லாமல் எந்த மோட்டாரையும் மாட்டக் கூடாது. வாட் கூடக்கூட ஆபத்தும் கூடும். அந்த வேகத்தை மழைநாளில் கம்பி பிரேக் தாங்குமா?

சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் மின்சைக்கிளுக்கு 750 வாட்டுக்குக் கீழ் என்று மத்தியச் சட்டம். இந்தியாவில் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்டிருந்தால்தான் பதிவும் லைசென்சும் வேண்டாம். மீறினால் அது மோட்டார் வாகனம். விபத்து நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை, நானல்ல.

250 வாட் போதுமா? ஆள், சைக்கிள், பூ எல்லாம் சேர்த்து 110 கிலோ என்று கொள்வோம். நூறு அடிக்கு நான்கு அடி ஏறும் மேட்டில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகச் சுமார் 225 வாட் வேண்டும். அவர் மெதுவாக மிதித்து 75 கொடுத்தால் மீதி 150-ஐ மோட்டார் பார்த்துக்கொள்ளும். பலமனேர் போகும் வழியில் மொகிலி காட் ஏறுவதென்றால் கதை வேறு. இவர் அந்தப் பக்கம் போவதில்லை.

வாட்டைவிட முக்கியம் மோட்டாரின் வகை. உள்ளே பல்சக்கரம் இல்லாத மோட்டார் சத்தம் போடாது, தேய்மானமும் குறைவு. ஆனால் கனம் அதிகம், மெதுவாக மேடேறும்போது சூடாகிவிடும், சார்ஜ் தீர்ந்தால் மிதிப்பவரைப் பின்னுக்கு இழுக்கும். பல்சக்கரம் உள்ளது பாதிக் கனம்தான். மேட்டில் இழுவை நன்று. மோட்டாரை அணைத்தால் சாதாரண சைக்கிள் போலவே உருளும். உள்ளிருக்கும் நைலான் பல் ஒருநாள் தேயத்தான் செய்யும், மாற்றிக்கொள்ளலாம். முட்டி வலிக்காரருக்கு இதுதான் சரி. ஆனால் அந்த நைலான் பல் சித்தூரிலோ திருப்பதியிலோ கிடைக்க வேண்டுமே! இங்கிருந்து போன மோட்டாருக்கு அங்கே யார் பல் தேடுவது?

பேட்டரியையோ கொண்டுபோகவே முடியாது. பயணி விமானத்தில் 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு அனுமதியில்லை. அவருக்கு வேண்டியது 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர். அதாவது 360 வாட்-அவர்.

எனவே, நம் நாட்டு சைக்கிளுக்கென்றே செய்த 250 வாட் பல்சக்கர மோட்டார் கிட்டை அங்கேயே வாங்கிப் பின்சக்கரத்தில் மாட்டச் சொன்னேன். கிலோமீட்டருக்கு 12 வாட்-அவர் செலவானால் அந்த பேட்டரி 30 கி.மீ. ஓடும், அவருக்கு வேண்டியது 24. அதே பேட்டரி 80 கி.மீ. ஓடும் என்று கடைக்காரர் அளந்தாராம். காணிப்பாக்கம் விநாயகர் சன்னதியில் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிய மாட்டார்கள் அல்லவா? "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் அதையே சொல்லச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன்.